பெரியப்பாவின் காற்றும் கோட்டிங்கனின் தராசும்

பெங்களூருக்கு வேலைக்கு வந்த புதுசில் முருகேஷ்பாளையாவில், விண்ட் டனல் ரோடு பக்கம், நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்துத் தங்கியிருந்தோம். தினமும் அந்தத் தெருப் பெயர்ப்பலகையைத் தாண்டித்தான் ஆபீஸுக்குப் போவேன். பி.இ. படித்தவன்தான், இருந்தும் ஒருநாள்கூட "இங்கே எங்கே இருக்கு சுரங்கம், அதுக்குள்ளே என்ன நடக்குது?" என்று யோசித்ததில்லை. இருபது வருஷம் கழித்து அந்தக் கேள்வியை எனக்குள் போட்டவர், கோம்பையில் இருக்கும் என் பெரியப்பா.

கோம்பை தெரியாதவர்களுக்கு: தேனி மாவட்டம், உத்தமபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து ஊர். கோம்பை நாய் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்தக் கோம்பைதான். தலைக்கு மேலே ராமக்கல்மெட்டு. மலைக்கு அந்தப் பக்கம் கேரளா, அவர்கள் ராமக்கல்மேடு என்பார்கள். மெட்டில் நின்றால் காற்று ஆளைத் தள்ளும். அங்கே காற்றாலைகள் வைத்திருக்கிறார்கள். கிழக்கே ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் போனாலும் வரிசையாகக் காத்தாடிதான். ஊரில் காற்றாலைக்கு அதுதான் பேர்.

பெரியப்பாவுக்கு மலையடியில் கொஞ்சம் மேட்டு நிலம். இலவ மரமும் மாமரமும் தவிர வேறொன்றும் சரியாக வராத நிலம். சில வருஷம் முன்னால் ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து ஐம்பது மீட்டர் கம்பம் நட்டு, உச்சியில் மூன்று கிண்ணம் சுற்றும் கருவியைக் கட்டிவிட்டுப் போனார்கள். காற்று தேறினால் நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பதாகப் பேச்சு. ஒரு வருஷம் கழித்து, "காத்து பத்தாது" என்று சொல்லிக் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பெரியப்பாவுக்கு அது பெரிய அவமானம். ஆடி மாசம் ஓட்டைப் பிய்க்கிற காற்றைப் போய் பத்தாது என்றால்?

"ஏன்டா, அந்தக் கிண்ணம் சொல்றது நெசம்னு எவன் சொன்னான்?" என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் போனதில் கிடைத்த கதைதான் இது.

மூன்று என்ற எண்

அவர் கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை. கிண்ணம் பொய் சொன்ன வரலாறு உண்டு. 1846-இல் அயர்லாந்தின் ஆர்மா வானாய்வகத்தில் தாமஸ் ராம்னி ராபின்சன் கிண்ண அனிமோமீட்டரை உருவாக்கினார். அப்போது அதற்கு நாலு கிண்ணம். கிண்ணங்களின் வேகத்தை 3-ஆல் பெருக்கினால் காற்றின் வேகம், கிண்ணம் எந்த அளவானாலும் கை எந்த நீளமானாலும் இதுதான் கணக்கு என்று அவர் நம்பினார். உலகமும் நம்பியது.

1879 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் டே ஆற்றுப் பாலம் புயலில் விழுந்து, மேலே போய்க்கொண்டிருந்த ரயிலோடு ஆற்றுக்குள் போனது. அதன்பிறகுதான் காற்றை ஒழுங்காக அளக்க வேண்டும் என்ற பதற்றம் பிரிட்டனுக்கு வந்தது. டபிள்யூ. எச். டைன்ஸ் என்பவர் நீளமான ஒரு கையை நீராவி எஞ்சினால் சுழற்றி, அதன் நுனியில் அனிமோமீட்டரை மாட்டிச் சோதித்தார். கையின் வேகம் தெரியும் என்பதால், கிண்ணம் சந்திக்கும் காற்றின் வேகமும் தெரியும் என்பது யோசனை. வழக்கத்திலிருந்த கருவிகளுக்குப் பெருக்க வேண்டிய எண் 3 இல்லை, 2-க்குச் சற்று மேல் என்று தெரிந்தது. 2.2 என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 60 மைல் என்று பதிவான புயல் உண்மையில் 44 மைல்தான். பல பத்தாண்டுப் பதிவுகள் அப்படியே ஊதிப்போய்க் கிடந்தன.

சுழலும் கையிலும் ஒரு கோளாறு உண்டு. சுற்றச் சுற்ற அது அறையிலுள்ள காற்றையும் கூடவே இழுத்துச் சுற்ற வைக்கும். அப்புறம் கருவி சந்திக்கும் வேகம் எவ்வளவு என்று யாருக்கு நிச்சயமாகத் தெரியும்? கருவியை நகர்த்தாமல் காற்றை நகர்த்துவதுதான் வழி. பிரான்சிஸ் வென்ஹாம் 1871-லேயே இங்கிலாந்தில் அதைச் செய்திருந்தார். ஒரு பெட்டி, ஒரு விசிறி. உலகின் முதல் காற்றுச்சுரங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதற்குள் காற்று சீராக ஓடவில்லை. இந்தத் துறையின் அடுத்த நூறு வருஷ வேலையே அந்தக் குறையைச் சரி செய்வதுதான் என்று சொல்லலாம்.

ரைட் சகோதரர்களின் குறுக்கு வழி

1901-இல் ரைட் சகோதரர்கள் தங்கள் சைக்கிள் கடையில் ஆறடி நீளப் பெட்டி ஒன்று செய்தார்கள். விசிறியைச் சுற்றியது கடையில் இருந்த எஞ்சின். வேகம் ஏறும், இறங்கும். அதைக் கட்டுப்படுத்த அவர்கள் மெனக்கெடவே இல்லை. அதற்குப் பதிலாக அளக்கும் தராசை மாற்றினார்கள். மாதிரி இறக்கையின் தூக்குவிசையை, அதே காற்றில் நிற்கும் தட்டையான தகடுகள் மீது விழும் விசையோடு ஒப்பிடுவது மாதிரி அமைத்தார்கள். காற்று கூடினால் இரண்டு விசையும் சேர்ந்து கூடும், குறைந்தால் சேர்ந்து குறையும். விகிதம் மட்டும் அப்படியே நிற்கும்.

பிரமாதமான யோசனை. ஆனால் எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. பெரியப்பாவின் கிண்ணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏறும் காற்றோடு அது சட்டென்று வேகம் பிடிக்கும், காற்று குறையும்போது மெதுவாகத்தான் தணியும். ஆகவே காற்று விட்டு விட்டு அடித்தால் உண்மையான சராசரியைவிடக் கூடுதலாகக் காட்டும். பக்கத்தில் வைத்து ஒப்பிடும் பிட்டோ குழாய்க்கு வேறொரு சிக்கல். அது அளப்பது அழுத்தத்தை. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவது. ஆகவே ஏறி இறங்கும் அழுத்தத்தின் சராசரியிலிருந்து கணக்கிடும் வேகம், வேகத்தின் சராசரியாக இருக்காது. இரண்டு கருவியும் இரண்டு விதமாகத் தப்பும்போது, ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்க்க முடியாது. காற்றையே அசையாமல் பிடித்து நிறுத்தினால்தான் உண்டு.

கோளத்தின் கதையும் இதையேதான் சொல்கிறது. 1912 வாக்கில் ஒரு வெறும் கோளத்தின் மீது காற்று தரும் இழுவையை இரண்டு இடத்தில் அளந்தார்கள். பாரிஸில் ஈஃபில் (கோபுரம் கட்டிய அதே ஈஃபில்தான்), ஜெர்மனியில் கோட்டிங்கன் ஆய்வகம். ஈஃபிலின் எண், கோட்டிங்கன் எண்ணில் பாதிகூட இல்லை. யாரும் கூட்டல் தப்பாகப் போடவில்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் கோளத்தின் இழுவை திடீரென்று சரிகிறது, காற்றின் கொந்தளிப்பைப் பொறுத்து அந்தச் சரிவு முன்னேயோ பின்னேயோ வருகிறது. கோட்டிங்கனின் லுட்விக் பிராண்டில் 1914-இல் இதை விளக்கினார். அந்த எல்லைக்குப் பக்கத்தில் வேகம் கொஞ்சம் தடுமாறினால், விடையும் இருமடங்கு தடுமாறும்.

தராசு

பிராண்டிலின் முதல் காற்றுச்சுரங்கம் 1908-இல் ஓட ஆரம்பித்தது. ஆகாயக் கப்பல்களின் மாதிரிகளைச் சோதிக்கக் கட்டியது. குறுக்களவு 2 மீட்டருக்கு 2 மீட்டர், காற்று வட்டமாகத் திரும்பி வரும் அமைப்பு, வேகம் விநாடிக்குச் சுமார் 10 மீட்டர். அந்த வேகத்தில் காற்று தரும் அழுத்தம் எவ்வளவு தெரியுமா? தண்ணீர் மட்டத்தில் சொன்னால் 6 மில்லிமீட்டர் உயரம். ஒரு சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. அதில் நூற்றில் ஒரு பங்கு மாற்றத்தைக் கவனித்துத் திருத்த வேண்டும்.

"இதென்ன கஷ்டம், விசிறியை ஒரே வேகத்தில் சுற்ற விட்டால் போச்சு" என்று எனக்கும் முதலில் தோன்றியது. போகாது. மாதிரி இறக்கையைக் கொஞ்சம் நிமிர்த்தினால் அது வழியை அடைக்கும். விசிறி அதே சுற்றில் ஓடும், காற்று குறையும். வட்டமாகச் சுற்றும் சுரங்கத்தில் விசிறி கொடுக்கும் ஆற்றலெல்லாம் கடைசியில் சூடாகும், சூடானால் காற்றின் அடர்த்தி குறையும். கரண்டின் வோல்டேஜ் ஆடினால் மோட்டாரும் ஆடும். இரு முனையும் திறந்த சுரங்கமென்றால் வெளியே அடிக்கும் காற்றும் உள்ளே வந்து மூக்கை நுழைக்கும்.

ஆகவே கோட்டிங்கனில் விசிறியைக் கவனிப்பதை விட்டுவிட்டு அழுத்தத்தைக் கவனித்தார்கள். கருவி ஒரு தராசு. ஒரு பக்கம் சுரங்கத்தின் காற்றழுத்தம், மறு பக்கம் எடைக்கல். எந்த வேகம் வேண்டுமோ அதற்கேற்ற கல்லை வைக்க வேண்டும். காற்று குறைந்தால் தராசு கல் பக்கம் சாயும், சாய்ந்தால் ஒரு மின்தொடர்பு தொடும், மோட்டாருக்குப் போகும் கரண்ட் கூடும். காற்று மிஞ்சினால் மறுபக்கம் சாய்ந்து கரண்ட்டைக் குறைக்கும். நடுவில் நின்றால் யாரும் எதையும் தொட வேண்டாம். கம்ப்யூட்டரும் கிடையாது, ஆளும் கிடையாது.

இதைப் படித்தபோது எனக்குச் சுளகும் கையுமாகக் களத்தில் நின்ற பெரியம்மா ஞாபகம்தான் வந்தது. தூற்றும்போது காற்று ஏறினால் சுளகைத் தாழ்த்திக்கொள்வாள், இறங்கினால் உயர்த்திக்கொண்டு மெதுவாக விடுவாள். காற்றை மாற்ற முடியாது என்பதால் தன்னை மாற்றிக்கொண்டாள். ஆனால் பார்த்துக்கொண்டிருந்தது எதை? தூசி எவ்வளவு தள்ளி விழுகிறது என்பதை. காரணம் எதுவானாலும் சரி, விளைவைப் பார், அதிலிருந்து திருத்து. தராசு செய்ததும் அதுதான். எங்கள் ஆபீஸில் சர்வர்களைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் மென்பொருள் செய்வதும் அதுவேதான்.

ஊசலாட்டம்

எளிதாகத் தெரிகிறது, இல்லையா? மாடியில் ஹீட்டர் தண்ணீரில் குளித்தவர்களுக்கு இதில் ஒளிந்திருக்கும் வம்பு தெரியும். சில்லென்று வருகிறதே என்று வெந்நீர்க் குழாயைத் திறப்போம், ஒன்றும் ஆகாது, இன்னும் திறப்போம், திடீரென்று கொதிக்கும். பதறி மூடினால் மறுபடி சில். காற்றுச்சுரங்கமும் அப்படித்தான். விசிறி கனமானது. உள்ளே ஓடும் காற்றுக்கும் எடை உண்டு. கரண்ட்டைக் கூட்டியதும் வேகம் கூடுவதில்லை, கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் தராசு "இன்னும் பத்தவில்லை" என்று கூட்டிக்கொண்டே போனால், அளவு தாண்டிப் போய்த் திரும்பும். பிறகு முடிவில்லாத ஊசலாட்டம்.

இது பழைய வியாதி. ஜேம்ஸ் வாட் 1788-இல் நீராவி எஞ்சினுக்கு மாட்டிய சுழலும் குண்டு கவர்னரும் இப்படித்தான் ஆடியது. 1868-இல் மேக்ஸ்வெல், கவர்னர்களைப் பற்றிய கட்டுரையில், எப்போது ஆட்டம் அடங்கும், எப்போது வளரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1922-இல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி, கப்பலைத் தானாகத் திருப்பும் பிரச்சினையில் இறங்கியபோது, நல்ல மாலுமி மூன்று விஷயம் பார்க்கிறான் என்று பிரித்துச் சொன்னார். இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது? எவ்வளவு வேகமாக விலகல் மாறுகிறது? இதுவரை சேர்ந்த பாக்கி எவ்வளவு?

முதலாவது மட்டும் பார்த்தால் எப்போதும் கொஞ்சம் குறையோடு நின்றுவிடும். மூன்றாவது, பால்காரர் கணக்கு மாதிரி, தினம் ஒரு சின்ன பாக்கி என்றாலும் சேர்த்துக்கொண்டே வந்து ஒருநாள் தீர்க்க வைத்துவிடும். இரண்டாவது, வேகமாகச் சரியாகிக்கொண்டிருந்தால் முன்கூட்டியே கையை இழுக்கும். ஊசலாட்டம் அதில்தான் அடங்கும். இன்றைக்கும் காற்றுச்சுரங்கங்களில், மோட்டாரை ஓட்டுவது எலெக்ட்ரானிக் டிரைவ் ஆனாலும், அடியில் ஓடுவது பெரும்பாலும் இந்த மூன்று கேள்விதான்.

கோட்டிங்கனிலிருந்து பெங்களூர்

இந்தத் தராசு இருந்த ஊரில் படித்த ஒரு இந்தியர் இருந்தார். விஷ்ணு மாதவ் காட்கே. பிராண்டிலிடம் ஆய்வு செய்து 1936-இல் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1942 டிசம்பரில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் விமானவியல் துறை தொடங்கியபோது அதை நடத்தியவர் அவர். எச்.டி.-2 பயிற்சி விமானத்தின் வடிவமைப்பும் அவருடையதே. அவருக்குப் பிறகு துறைத்தலைவராக வந்தவர் ஆஸ்கர் டீட்யென்ஸ். பிராண்டிலின் பாடங்களை இரண்டு தொகுதியாக எழுதி, பிராண்டில்–டீட்யென்ஸ் என்று உலகமே படித்த புத்தகங்களின் ஆசிரியர். அவருக்குப் பிறகு சதீஷ் தவன். கோட்டிங்கனின் பழக்கம் பெங்களூருக்கு ஆட்கள் வழியாக வந்தது.

என் பழைய தெருப் பெயருக்குக் காரணமான சுரங்கம் அதற்கும் பிந்தியது. என்.ஏ.எல். நிறுவனத்தின் 1.2 மீட்டர் சுரங்கம், 1967-இல் ஓட ஆரம்பித்தது. ஒலி வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நாலு மடங்கு வரைக்கும் போகும். இதில் விசிறியே கிடையாது. பெரிய தொட்டிகளில் காற்றை அழுத்தி அடைத்து வைத்து, ஒரே மூச்சில் திறந்து விடுவார்கள். சோதனை சில பத்து விநாடிகளில் முடிந்துவிடும். தொட்டியில் அழுத்தம் விநாடிக்கு விநாடி விழுந்துகொண்டே இருக்கும், ஆனால் மாதிரிக்கு முன்னால் அழுத்தம் மாறக்கூடாது. ஆகவே ஒரு வால்வு, விழும் அழுத்தத்துக்கு ஈடாகத் தன்னைத் திறந்துகொண்டே போக வேண்டும். கோட்டிங்கன் தராசுக்குத் திருத்திக்கொள்ள அவகாசம் இருந்தது. இந்த வால்வுக்கு அது இல்லை. எஸ்.எல்.வி.-3 முதல் நம் ராக்கெட்டுகளின் மாதிரிகள் அந்தச் சில விநாடிகளுக்குள் அளக்கப்பட்டவைதான். நான் தெருவில் டீ குடித்துக்கொண்டு நின்றபோதும் உள்ளே ஏதோ ஒன்று அளக்கப்பட்டிருக்கலாம்.

மலைக்கு அந்தப் பக்கத்துப் பெண்

ராக்கெட் இருக்கட்டும், கிண்ணத்துக்கு வருவோம். கம்பத்திலிருந்து மலையேறி, குமுளி தாண்டிப் போனால் பீர்மேடு. 1918-இல் அங்கே பிறந்தவர் அன்னா மணி. சென்னை பிரசிடென்சி காலேஜில் இயற்பியல் படித்து, 1940-இல் பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அதே வளாகத்தில் காட்கேயின் துறை தொடங்கியபோது அவரும் அங்கேதான் இருந்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி அவருடைய ஆய்வுக்கு டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. லண்டன் போய் வானிலைக் கருவிகள் பற்றிப் படித்துவிட்டு, 1948-இல் புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்ய வைத்ததும், சுமார் நூறு கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தியதும் அவர் வேலை. தப்பான அளவைவிட அளவே இல்லாமல் இருப்பது மேல் என்று நினைத்தவர் என்பார்கள்.

1976-இல் ஓய்வு பெற்றபிறகு அவர் சும்மா இருக்கவில்லை. நாடு முழுக்க 700-க்கும் மேற்பட்ட இடங்களில் காற்றை அளக்கும் வேலையை ஒழுங்குபடுத்தினார். டி.ஏ. மூலேயோடு சேர்ந்து அவர் தயாரித்த இந்தியக் காற்றுத் தரவுத் தொகுப்பு 1983-இல் வந்தது. எந்த இடத்தில் காற்றாலை வைக்கலாம் என்ற பேச்சு இந்தியாவில் எண்களோடு நடக்கத் தொடங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு. நம் பள்ளத்தாக்கின் மேல் வழிந்து வரும் அதே காற்றில் வளர்ந்தவர்.

அந்தச் சீட்டு

இதையெல்லாம் ஒரு லீவில் போய்ப் பெரியப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்தக் கிண்ணத்தை அந்தப் பொட்டிக்குள்ள வச்சுப் பாத்த சீட்டு இருக்கும்ல? அதக் கேளு" என்றார்.

கேட்டேன். மூணு மாசம் இழுத்துவிட்டு அனுப்பினார்கள். ஒரு பக்கம்தான். விநாடிக்கு 4 மீட்டரிலிருந்து 16 மீட்டர் வரைக்கும், மீட்டருக்கு ஒன்றாக 13 வரிகள். ஒவ்வொன்றிலும் சுரங்கத்தின் வேகம், கிண்ணத்தின் சுற்று, அன்றைய வெப்பம், காற்றழுத்தம், அடர்த்தி. கம்பத்தில் ஏற்றுவதற்கு முந்தைய மாதத்துத் தேதி. முறையாகத்தான் செய்திருந்தார்கள்.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், காற்றிலுள்ள சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுவது. 5.8 மீட்டரை 6 என்று கருவி காட்டிவிட்டால், இல்லாத சக்தியைப் பத்து சதவீதத்துக்கும் மேல் இருப்பதாகக் கணக்கில் சேர்க்கிறோம். கம்பெனிக்கு அது நஷ்டம். மாறித் தப்பினால் நிலத்துக்காரருக்கு நஷ்டம். ஆனால் விநாடிக்கு 6 மீட்டர் காற்றின் அழுத்தம் தண்ணீர் மட்டத்தில் 2.2 மில்லிமீட்டர்தான். வேகத்தை ஒரு சதவீதத்துக்குள் சொல்ல வேண்டுமானால், அந்த உயரத்தில் 0.04 மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும். அதைப் பிடித்து நிறுத்திய காற்றில்தான் அந்த 13 வரியும் எழுதப்பட்டிருக்கிறது.

அப்படியென்றால் ஆடியில் ஓடு பறந்தது? அதுவும் பொய்யில்லை. தென்மேற்குக் காற்று கேரளப் பக்கமிருந்து ஏறி, மெட்டைத் தாண்டி நம் பக்கம் விழுகிறது. மெட்டில் நின்றால் முழுக்காற்று. அடிவாரத்தில், மலையின் மறைவில், அது கலைந்து குப் குப்பென்று விட்டு விட்டு அடிக்கும். பெரியப்பா உடம்பில் உணர்ந்தது அந்த வீச்சை. காற்றாலைக்காரன் கேட்பது வருஷம் முழுக்க ஓடும் சராசரியை.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. விட்டு விட்டு அடிக்கும் காற்றில் கிண்ணம் கூடுதலாகத்தான் காட்டும் என்று மேலே எழுதினேன் அல்லவா? ஆக, கிண்ணத்தில் ஏதாவது தப்பு இருந்திருந்தால், அது பெரியப்பா பக்கம் சாய்ந்த தப்புதான். அப்படியும் பத்தவில்லை.

கொஞ்ச நேரம் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, அவங்க களவாணிப்பய இல்ல" என்றார். சீட்டைப் பத்திரத்தோடு சேர்த்து பீரோவில் வைத்துப் பூட்டினார்.